சொன்ன சொல் காத்தால் பிள்ளை காத்திருக்கும்

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போ, புந்தோங்கில் நடக்கும் சிறுவர் பண்பு வகுப்பில் தொண்டராக இருக்கிறேன். இந்த மாதப் பாடம் பிள்ளைகளின் மன அடக்கம் பற்றியது. அதை ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தேயிலிருந்து தொடங்குகிறேன். எனக்கே இந்தப் பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.

புந்தோங்கைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே ஒரு குடியிருப்பின் பெயரே கம்போங் கச்சாங் பூத்தே. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் கடலை, முறுக்கு, ஓமப்பொடி என்று பொரித்து விற்றுப் பேர் வாங்கிய இடம். எண்ணெய்ச் சட்டி வாசனை வந்தால் தேவாரம் பாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக்கூட ராகம் மாறிவிடும்.

சென்ற பருவத்தில் பல்கலைக்கழகத்தில் உளவியலை விருப்பப் பாடமாக எடுத்திருந்தேன். அதில் புகழ்பெற்ற ‘மார்ஷ்மெல்லோ சோதனை’ வந்தது. பிள்ளையின் முன்னால் ஓர் இனிப்பை வைப்பார்கள். ‘நான் திரும்பி வரும் வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்’ என்று சொல்லிவிட்டு வெளியே போவார்கள். அவ்வளவுதான் சோதனை. எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஒன்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு சின்னப் பொட்டலம் கச்சாங் பூத்தே கொடுத்தேன். “பதினஞ்சு நிமிஷம் பிரிக்காம இருந்தா இன்னொன்னு தருவேன்” என்றேன்.

நான் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் ஒரு பொட்டலம் கிழியும் சத்தம் கேட்டது. எட்டு வயசுப் பையன். பெயர் வேண்டாம். “டேய், ஒனக்குக் கொஞ்சங்கூட அடக்கமே இல்லையா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மென்றுகொண்டே என்னைப் பார்த்தான். வகுப்பு முடிந்ததும் ஏன் பொறுக்கவில்லை என்று தனியாகக் கேட்டேன். ஒரு பதில் சொன்னான். அந்தப் பதில் என்னை மறுபடியும் நூலகத்துக்கு அனுப்பியது. அது என்ன பதில் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் நூலகத்தில் படித்ததைப் பார்ப்போம்.

அடக்கம் என்றால் அமுக்குவதா?

‘அடக்கம்’ என்ற சொல் நமக்குப் புதிதல்ல. திருக்குறளில் ‘அடக்கமுடைமை’ 13ஆம் அதிகாரம். ஆனால் வீட்டில் நாம் இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் விதம் வேறு. ‘அடங்கி உட்காரு’ என்றால் சத்தம் போடாதே என்று அர்த்தம். ‘ஆம்பளப் புள்ள அழக்கூடாது’ என்றால் அழுகையை விழுங்கு என்று அர்த்தம்.

உளவியலார் இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். உணர்ச்சியை வெளியே தெரியாமல் அமுக்குவது ஒன்று. உணர்ச்சியைப் புரிந்துகொண்டு, அதன் வேகத்தைக் குறைத்து, என்ன செய்வது என்று தேர்ந்தெடுப்பது இன்னொன்று. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் குரோஸ் இந்த வேறுபாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். முகத்தில் காட்டாமல் அமுக்கினால் உள்ளே இருக்கும் வருத்தம் குறைவதில்லை, உடம்புக்குள் பதற்றம் கூடத்தான் செய்கிறது என்று அவருடைய சோதனைகள் காட்டின. இந்தக் கட்டுரையில் அடக்கம் என்று நான் சொல்வது இரண்டாவதை.

இந்தத் திறமையோடு யாரும் பிறப்பதில்லை. கைக்குழந்தைக்கு அழத்தான் தெரியும், தன்னைத் தானே சமாதானப்படுத்தத் தெரியாது. அம்மாவோ பாட்டியோ தூக்கி ஆட்டும்போது அடங்குகிறது. அதாவது அந்த வயதில் பிள்ளையின் அடக்கம் பெரியவர்களின் கையில் இருக்கிறது. இரண்டு வயதில் கடையில் தரையில் புரண்டு அழும். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் ‘அப்புறம்’, ‘நாளைக்கு’ போன்ற சொற்கள் புரியத் தொடங்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்க வரும். இதில் பெரும் பங்கு வகிக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்வதற்கு இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும். நம்ம இளைஞர் பிரிவிலேயே பாதிப் பேருக்கு இன்னும் வேலை முடியலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் படிப்பிலிருந்து ஓர் உதாரணம். அறையில் ஏர்கோன் ஓடுகிறது. 24 டிகிரி என்று வைத்திருக்கிறோம். உள்ளே ஓர் உணரி வெப்பத்தை அளந்து சொல்ல, அதைக் கேட்டுத்தான் கம்ப்ரசர் ஓடுவதும் நிற்பதும். அறை சரியாகக் குளிரவில்லை என்றால் உடனே கம்ப்ரசரைத் திட்டக்கூடாது. உணரி தப்பாகச் சொன்னால் நல்ல கம்ப்ரசரும் தப்பாகத்தான் ஓடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வியன்னாவிலிருந்து ட்ரினிடாடுக்கு

மார்ஷ்மெல்லோ சோதனையை உருவாக்கியவர் வால்டர் மிஷெல். 1930இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் குடும்பம் வீட்டை விட்டு வெளியேறி, கடைசியில் நியூயார்க்கின் புரூக்ளினில் குடியேறியது. 2018இல் காலமானார்.

அவர் பெயரைச் சொன்னால் எல்லாரும் அமெரிக்க மழலையர் பள்ளியைத்தான் சொல்வார்கள். ஆனால் அவருடைய கேள்வி பிறந்த இடம் ட்ரினிடாட் தீவு. அங்கே இருந்தவர்களில் ஒரு பகுதியினர் நம்மைப் போன்றவர்கள். 1845ஆம் ஆண்டு மே 30இல் ‘ஃபத்தேல் ரசாக்’ என்ற கப்பல் இந்தியர்களை அங்கே கொண்டுபோய் இறக்கியது. அதன் பிறகு 1917 வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள், ஒரு பகுதியினர் சென்னையில் ஏறியவர்கள். நம் பாட்டன்மார் கங்காணிகளோடு மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்த கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பயிர் வேறு, கடல் வேறு, கதை ஒன்றுதான்.

1950களின் நடுவில் மிஷெல் கோடைக்காலங்களில் அங்கே போனார். ஒரு கிராமத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இந்திய வம்சாவளியினரும் தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘அவர்களுக்கு இன்றைய சந்தோஷம்தான் முக்கியம், நாளையைப் பற்றிக் கவலையே இல்லை’ என்று இந்தியர்கள் சொன்னார்கள். ‘இவர்கள் காசைப் படுக்கைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டு வாழவே தெரியாமல் இருக்கிறார்கள்’ என்று மற்றவர்கள் சொன்னார்கள். இந்த மாதிரிப் பேச்சு நம் நாட்டிலும் எல்லா இனத்தைப் பற்றியும் காப்பிக்கடையில் கேட்கலாம்.

மிஷெல் இதை அப்படியே நம்பாமல் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தார். ‘இப்போதே ஒரு காசு மிட்டாய் வேண்டுமா, அடுத்த வாரம் பத்துக் காசு மிட்டாய் வேண்டுமா?’ 1958இல் வெளியான அந்த ஆய்வில் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள்தான் அடுத்த வாரத்தை அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே நிறுத்தியிருந்தால் ‘பார்த்தீங்களா, நம்ம ரத்தம்’ என்று நாம் மீசையை முறுக்கியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. வீட்டில் அப்பா கூட இருக்கிறாரா என்று பார்த்தார். அப்பா கூட இருக்கும் பிள்ளைகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டபோது இரண்டு இனத்துக்கும் நடுவே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

ஆக, காரணம் இனத்தில் இல்லை. பிள்ளையின் இடத்திலிருந்து யோசியுங்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் வந்து, அடுத்த வாரம் பெரிய மிட்டாயோடு வருகிறேன் என்கிறார். ‘வருகிறேன்’ என்று சொன்ன ஆண்கள் திரும்பி வந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவரை நம்பலாம். வராமல் போனதையே பார்த்த பிள்ளை ஏன் நம்ப வேண்டும்? காத்திருப்பதற்கு மன உறுதிக்கும் முன்னால் நம்பிக்கை வேண்டும் என்ற எண்ணம் அங்கேயே மிஷெலின் மனத்தில் விழுந்துவிட்டது.

தட்டில் இருக்கும் இனிப்பு

பிறகு ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில் 1960களின் கடைசியிலிருந்து அந்தப் புகழ்பெற்ற சோதனைகள் நடந்தன. யார் பொறுமைசாலி என்று முத்திரை குத்துவதற்காக அவை தொடங்கப்படவில்லை. எப்படிச் செய்தால் பொறுக்க முடிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம்.

1970இல் வெளியான ஆய்வின் முடிவு இது. தின்பண்டம் கண் முன்னால் இருந்தபோது பிள்ளைகள் சராசரியாக ஒரு நிமிடம்தான் தாக்குப்பிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் எடுத்து வைத்தபோது பதினொரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். பள்ளியும் அதே, தின்பண்டமும் அதே. ஒரு மறைப்பு, பத்து நிமிட வித்தியாசம்!

பொறுத்திருந்த பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. பாட்டுப் பாடினார்கள், கையால் கண்ணை மூடிக்கொண்டார்கள், வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். ‘இது இனிப்பு இல்லை, குட்டி மேகம் என்று நினைத்துக்கொள்’ என்று சொல்லிக் கொடுத்தபோது இன்னும் அதிக நேரம் பொறுத்தார்கள். ‘மெத்தென்று எவ்வளவு இனிப்பாக இருக்கும்’ என்று நினைக்கச் சொன்னபோது சீக்கிரம் தோற்றார்கள். மனத்துக்குள் சூடான எண்ணம் ஒன்று, குளிர்ந்த எண்ணம் ஒன்று. எதைப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுக்கலாம். ஆகவே பொறுமை ஓரளவு தந்திரம். நீச்சல் மாதிரி, கற்றால் வரும்.

புகழும் திருத்தமும்

அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு மிஷெல் குழுவினர் தொடர்ந்து பார்த்தார்கள். 1990இல் வெளியான கட்டுரையில், சிறுவயதில் அதிக நேரம் காத்திருந்தவர்கள் கல்லூரி நுழைவுத் தேர்வில் அதிகப் புள்ளிகள் எடுத்ததாகவும், மன அழுத்தத்தை நன்றாகச் சமாளிப்பதாகப் பெற்றோர் சொன்னதாகவும் எழுதினார்கள். உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. ‘நாலு வயதில் மிட்டாயைத் தொடாதவன் நாற்பது வயதில் ஜெயிப்பான்’ என்ற மாதிரி மேடைப் பேச்சு கிளம்பிவிட்டது. நம் தன்முனைப்பு முகாம்களிலும் அந்தக் காணொளியைப் போட்டிருக்கிறார்கள். நானும் கைதட்டியிருக்கிறேன்.

ஆனால் அங்கே படித்த பிள்ளைகள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள், எண்ணிக்கையும் குறைவு. 2018இல் டைலர் வாட்ஸ் என்பவரும் இரண்டு சக ஆய்வாளர்களும் பலவகைக் குடும்பங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்து மறுபடி பார்த்தார்கள். காத்திருப்புக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பழைய ஆய்வில் சொன்னதில் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல் போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் அந்தப் பாதியிலும் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

இது நமக்கு முக்கியம். ஏழைப் பிள்ளை பின்தங்கினால் ‘அவனுக்கு ஒழுக்கம் இல்லை’ என்று சொல்லித் தப்பிக்க இந்தச் சோதனை ஒரு சாக்காகிவிடக்கூடாது.

உடைந்த நம்பிக்கை

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் செய்து 2013இல் வெளியிட்டது. பிள்ளைகள் 28 பேர், மூன்றிலிருந்து ஐந்து வயது.

இனிப்பை வைப்பதற்கு முன்னால் வேறொன்று செய்தார்கள். ஓவியம் வரையப் பழைய மெழுகு வண்ணக் குச்சிகளைக் கொடுத்து, ‘கொஞ்சம் பொறு, நல்லதாக நிறையக் கொண்டுவருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடியே கொண்டுவந்தார்கள். மீதிப் பாதிக்கு, ‘மன்னிச்சுக்கோ, இல்லையாம், பழசையே வச்சுக்கோ’ என்றார்கள். அடுத்து ஒட்டுப்படங்களிலும் இதேபோல் நடந்தது. அதன் பிறகுதான் மார்ஷ்மெல்லோ.

சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட 14 பிள்ளைகளில் 9 பேர் முழுப் பதினைந்து நிமிடமும் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பிள்ளைகளில் ஒரே ஒருவர். சராசரி பார்த்தால் முதல் கூட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம், இரண்டாவது கூட்டத்துக்கு மூன்று நிமிடம். வெறும் இரண்டு சின்ன ஏமாற்றம், சில நிமிடத்துக்கு முன்னால் நடந்தது. அதற்கே இவ்வளவு.

2016இல் வெளியான இன்னோர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதைச் செய்தவர்கள் லாரா மைக்கேல்சன், யூகோ முனகாடா. ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரிடம் நேர்மையாக நடக்கிறாரா இல்லையா என்பதைப் பிள்ளைகளைப் பார்க்க வைத்தார்கள். பிள்ளைகளிடம் அந்தப் பெரியவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. இருந்தும், அவர் நேர்மையில்லாமல் நடந்ததைப் பார்த்த பிள்ளைகள் அவருக்காகக் குறைந்த நேரமே காத்திருந்தார்கள். பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், நாம் அவர்களோடு பேசாத நேரத்திலும்.

பையன் சொன்ன பதில்

ஏர்கோன் உதாரணத்தை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? நான் அந்தப் பையனின் கம்ப்ரசரைத் திட்டினேன். கோளாறு அவன் கேட்டுக்கொண்டிருந்த தகவலில் இருந்தது. அந்தத் தகவல் நான்.

ஏன் பொறுக்கவில்லை என்று கேட்டதற்கு அவன் சொன்னது இதுதான்: “அண்ணே, நீங்க ரோபோ காடி கொண்டாறேன்னு சொன்னீங்க. ரெண்டு வாட்டி. கொண்டாரல.”

உண்மைதான். பல்கலைக்கழகத்தில் நாங்கள் செய்த, தரையில் கோடு பார்த்து ஓடும் ஒரு சின்ன ரோபோ வண்டி. அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று உற்சாகத்தில் சொல்லிவிட்டேன். முதல் வாரம் தேர்வு. இரண்டாவது வாரம் மறதி. எனக்கு அது ஒரு சின்ன விஷயம். அவன் இரண்டு ஞாயிறும் முதல் ஆளாக வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான் என்று பிறகுதான் இன்னொரு தொண்டர் சொல்லித் தெரிந்தது.

அன்றிரவு பாட்டியிடம் இதைச் சொன்னேன். பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, பிறகு மரம், பிறகு பால் வாளி. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் சம்பளம் இல்லை. தோட்டம் செம்பனைக்கு மாறியபோது லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்: “வீடு கட்டித் தருவோம், கொஞ்சம் பொறுத்துக்குங்கன்னாங்க. பொறுத்தோம். எத்தன தீபாவளி பொறுத்தோம்னு எண்ணவே இல்ல. அந்தப் பையன் ஒன்னயவிட வெவரம்டா.”

நான் பதில் பேசவில்லை. தோட்டத்து மக்களுக்குச் சேமிக்கத் தெரியாது, நாளையை யோசிக்கத் தெரியாது என்று படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வராத நாளைகளையே பார்த்தவர்கள் கையில் இருப்பதை இன்றே பயன்படுத்தினால், அது அடக்கமின்மையா, அனுபவமா? ட்ரினிடாடில் மிஷெல் பார்த்ததும் ரோச்செஸ்டரில் கிட் பார்த்ததும் பாட்டி சொன்னதும் எனக்கு ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

இதற்காக, நம்பிக்கை உடைந்தவர்கள் எப்போதும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லவில்லை. பாட்டி சீட்டுக் கட்டித்தான் அப்பாவைப் படிக்க வைத்தார். அந்தச் சீட்டுப் பிடித்தவர் ஒரு மாதம்கூடத் தவறாமல் பணம் கொடுத்த ஒரு லயத்து அம்மா. நம்பத் தகுந்த ஓர் ஆள் கிடைத்தபோது பாட்டியால் வருஷக்கணக்கில் பொறுக்க முடிந்தது.

படையல் முடியும் வரை

நம் வீடுகளில் பொறுமையைச் சொல்லிக் கொடுக்க ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. தீபாவளிப் பலகாரம் சுடும்போது பிள்ளை கை நீட்டும். ‘சாமிக்குப் படைக்கிற வரைக்கும் தொடக்கூடாது’ என்பார்கள். பொங்கல் பொங்கிய பிறகும் சூடம் காட்டி முடிக்கும் வரை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். அப்பாவும் வைக்கமாட்டார், அதுதான் இதன் பலம். பெரியவர்களும் சேர்ந்தே காத்திருக்கிறார்கள். படையல் முடிந்ததும் பலகாரம் கட்டாயம் கைக்கு வருகிறது. எந்த வருஷமும் ஏமாற்றம் இல்லை.

இப்படிப்பட்ட பழக்கம் உண்மையிலேயே வேலை செய்கிறதா? 2022இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு வெளிவந்தது. ஜப்பானில் எல்லாருக்கும் பரிமாறி முடியும் வரை காத்திருந்து சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அந்தப் பிள்ளைகள் உணவுக்காக நெடுநேரம் காத்திருந்தார்கள், ஆனால் சுற்றி வைத்த பரிசுப் பெட்டியைச் சீக்கிரம் பிரித்துவிட்டார்கள். அமெரிக்காவில் பிறந்தநாள், கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பிரிக்காமல் வைத்திருப்பது வழக்கம். அந்தப் பிள்ளைகள் பரிசுக்குக் காத்திருந்தார்கள், உணவுக்குப் பொறுக்கவில்லை. எதற்குக் காத்திருந்து பழகினார்களோ அதற்குப் பொறுமை வந்தது.

ஆகவே நம் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை என்று புலம்ப வேண்டியதில்லை. படையலில் இருக்கும் மூன்று விஷயங்களை வகுப்புக்குக் கொண்டுவந்தாலே போதும்: முடிவு தெரிந்த காத்திருப்பு, பெரியவர்களும் சேர்ந்து காப்பது, கடைசியில் தவறாமல் கிடைப்பது.

வகுப்பில் நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வாக்குக் குறிப்பேடு. பிள்ளைகளிடம் என்ன சொன்னோம், எந்தத் தேதிக்கு என்று எழுதி வைப்போம். நான் இப்போது வைத்திருக்கிறேன். முதல் வாரத்திலேயே ஐந்து வாக்குக் கொடுத்திருந்தேன் என்று தெரிந்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அடக்கமுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் நாவடக்கத்தைத் தனியாக வற்புறுத்துகிறார். பிள்ளையின் கையை அடக்குவதற்கு முன்னால் அடங்க வேண்டியது என் நாக்கு.

இரண்டாவது, தவறினால் மன்னிப்பு. ‘மறந்துட்டேன், என் தப்பு, இந்தத் தேதிக்குள்ள செய்றேன்’ என்று பிள்ளையிடமே சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும் கேலி செய்திருந்தால் மன்னிப்பும் எல்லார் முன்னாலும்தான்.

மூன்றாவது, தந்திரத்தைச் சொல்லிக் கொடுப்பது. ‘பொறு’ என்று மட்டும் சொன்னால் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாது. ‘பையில வச்சு ஜிப்பை மூடு, நாம ஒரு பாட்டுப் பாடுவோம்’ என்றால் தெரியும்.

நான்காவது, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது. ‘அழாதே’ என்பதற்குப் பதிலாக ‘உனக்குக் கோபமா, ஏமாற்றமா?’ என்று கேட்கலாம். பெயர் தெரிந்த உணர்ச்சியைப் பற்றிப் பேச முடியும். பேச முடிந்தால் அடிக்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு ரோபோ வண்டியைக் கொண்டுபோனேன். எல்லார் முன்னாலும் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தான், பிறகு வண்டியைப் பார்த்தான், அதன் பிறகு என்னை மறந்துவிட்டான். நாங்கள் கறுப்பு நாடாவைத் தரையில் ஒட்ட, வண்டி அதன் மேல் ஓடியது. அவன் நாடாவை நடுவில் கொஞ்சம் பிய்த்துவிட்டு, “கோடு இல்லன்னா அதுக்கு என்னா செய்யணும்னு தெரியாதா அண்ணே?” என்று கேட்டான். தெரியாது என்றேன். நின்று, சுற்றிச் சுற்றி வந்தது வண்டி.

மூன்று வாரம் சின்னச் சின்ன வாக்குகளைக் காப்பாற்றிய பிறகு மறுபடியும் கச்சாங் பூத்தே கொடுத்தேன். இந்த முறை அவன் உடனே கிழிக்கவில்லை. பொட்டலத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் “மணி என்னா?” என்று கேட்டான். ஒன்பதாவது நிமிஷத்தில் தோற்றுவிட்டான். ஒரே ஒரு பையன், ஒரே ஒரு முறை; இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். ஆனால் தின்ற பிறகு என்னிடம் வந்து, “அடுத்த வாரமும் செய்வீங்கதானே?” என்று கேட்டான். செய்வேன் என்றேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

கலந்துரையாட

1. சென்ற மாதம் நீங்கள் ஒரு பிள்ளையிடமோ தம்பி தங்கையிடமோ கொடுத்த வாக்குகள் எத்தனை? நிறைவேறியவை எத்தனை?

2. உங்கள் வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே காத்திருக்கும் பழக்கம் எது? அது இன்னும் இருக்கிறதா?

3. ‘அடங்காத பிள்ளை’ என்று நீங்கள் பெயர் வைத்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு ‘நாளைக்கு’ என்று சொன்னவர்கள் யார் யார்? அவர்கள் வந்தார்களா?

மூன்றாவது கேள்விக்கு விடை எழுதிவிட்டு, முடிந்தால் இந்த வாரமே அந்தப் பிள்ளையைப் போய்ப் பாருங்கள். பார்க்க முடியாது என்றால், வருவதாகச் சொல்லிவிடாதீர்கள்.